மழலையும் உறவுப்பெயரும்: குழந்தையின் பேச்சு, நினைவு, வர்க்கம் பற்றிய சில குறிப்புகள்

1

தமிழிலக்கிய வரலாற்றிற் குழந்தைக்குரிய இடம் பெரிது. குழந்தையின் பேச்சுக்குரிய இடமோ மிகச் சிறிது. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் மழலையை இசைக்கருவிகளின் ஒலியினும் இனியதாக உயர்த்துகிறது. உணவை அளைந்தும் சிந்தியும் பெற்றோரை மயக்கும் குழந்தைகள் இல்லாதார்க்கு வாழ்நாளிற் பயனில்லை என்று பாண்டியன் அறிவுடைநம்பி புறநானூற்றிற் பாடினான். இவ்விரண்டிலும் பொருளாக அமைவது கேட்போரதும் காண்போரதும் இன்பமே. குழந்தை என்ன சொல்கிறது, யாரை நோக்கிச் சொல்கிறது, எவரை எப்பெயரால் அழைக்கிறது என்ற வினாக்கள் எழவில்லை. மழலை பொருளற்ற இன்னொலியாகக் கொள்ளப்பட்டமையால் அவ்வினாக்களுக்கு இடமில்லாது போயிற்று எனலாம்.

அவ்வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட குழந்தை தன் சுற்றத்தாரையும் அயலாரையும் பெயர்சொல்லி அழைக்கவும் நினைவில் இருத்தவும் கற்கும் முறை, தனிமனித உளவியலுக்குள் முடிந்துவிடும் செய்தியன்று. அது குடும்பத்தின் உற்பத்தி உறவுகளோடும் வர்க்க நிலையோடும் பின்னிப்பிணைந்தது. பழைய இலக்கிய வடிவங்களையும் அவற்றுக்கு அருகே கொழும்பின் பம்பலப்பிட்டியையும் வைத்து இதனை நோக்கலாம். காலி வீதியும் கடற்கரைப் புகையிரதப் பாதையும் ஊடறுத்துச் செல்லும் இச்சிறு நிலப்பரப்பிற் பல தலைமுறைகளாகத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பறங்கியரும் அயலவராக வாழ்ந்து வருகின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகம் காரணமாக வந்தோரும், பின்னர் போரினால் இடம்பெயர்ந்து வந்தோரும், மலையகத்திலிருந்து வேலை தேடி வந்தோரும் ஒரே மாடிப்படியிற் சந்திக்கும் இடம் இது. எனவே உறவுப்பெயரின் இயல்பைச் சோதித்தறிவதற்கு இதனினும் பொருத்தமான களம் அரிது.

2

உறவுப்பெயர் ஏனைய பெயர்களைப் போன்றதன்று. மரம், நாய், நிலா என்பன எவர் வாயிலும் ஒரே பொருளைச் சுட்டுவன. 'அம்மா' என்பதோ சொல்வோனைப் பொறுத்து ஆளை மாற்றுவது. பழந்தமிழ் இவ்வுண்மையைச் சொல்லின் உருவத்திலேயே பொதிந்து வைத்திருந்தது. எந்தை, நுந்தை, தந்தை என்பவை முறையே என் தந்தை, உன் தந்தை, அவன் தந்தை என நின்றன. அவ்வாறே யாய், ஞாய், தாய் என மூவிடத்துக்கும் மூன்று சொற்கள் வழங்கின. யாருடைய தாய் என்பது இச்சொற்களிலேயே குறிக்கப்பட்டு நின்றது. பிற்காலத்திற் படர்க்கை வடிவங்களான தாயும் தந்தையும் மட்டும் பொதுப்பெயர்களாக எஞ்சின. தொடர்பைக் குறித்த சொல் ஆளைக் குறிக்கும் சொல்லாக மாறிற்று.

குழந்தை இப்பாதையில் எதிர்த்திசையாகப் பயணம் செய்கிறது. அதற்கு அம்மா என்பது முதலில் ஒரேயோர் ஆளின் பெயர். அடுத்த வீட்டுக் குழந்தை வேறொரு பெண்ணை அம்மா என்று அழைக்கும்போது அது திகைக்கிறது. தன் தாய் அம்மம்மாவை 'அம்மா' என்று அழைப்பது அதனினும் பெரிய புதிர். தனக்கொரு சகோதரன் உண்டெனக் கூறும் சிறுவன், அச்சகோதரனுக்குச் சகோதரன் உண்டா எனக் கேட்டால் இல்லையென்பான் என்பதைப் பியாஜே 1924 இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துக்காட்டினார். உறவுப்பெயரைச் சரியாகப் பயன்படுத்துவதற்குக் குழந்தை மற்றவரின் இடத்திலிருந்து தன்னைப் பார்க்கக் கற்கவேண்டும். அதாவது, சமூகத்தைத் தன்னுள் ஏற்கவேண்டும்.

சோவியத் உளவியலாளர் விகொட்ஸ்கி பியாஜேயிடமிருந்து வேறுபடும் இடம் இதுவே. குழந்தை முதலில் தனக்குள் ஆழ்ந்திருந்து பின்னரே சமூகமயமாகிறது என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. 1934 இல் வெளியான சிந்தனையும் பேச்சும் பற்றிய நூலில், பேச்சு தொடக்கத்திலேயே சமூகத் தன்மையது என்றும், இருவருக்கிடையே நிகழ்ந்ததே பின்னர் ஒருவருக்குள் உட்சென்று சிந்தனையாகிறது என்றும் அவர் நிறுவினார். மொழியியலாளர் ஹலிடே தம் மகனின் பேச்சை ஒன்பதாம் மாதந் தொட்டு அவதானித்து 1975 இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு அரண் செய்வது. தாய்மொழிச் சொற்கள் தோன்றுமுன்னரே குழந்தை தனக்கேயுரிய ஒலிகளால் வேண்டியதைக் கேட்கிறது, பிறரை ஏவுகிறது, பிறரோடு உறவாடுகிறது. தெரியாத செய்தியை ஒருவருக்குத் தெரிவிக்கும் பயன்பாடு மிகப் பிந்தியே தோன்றுகிறது. ஏவலும் உறவாடலும் வெவ்வேறு பயன்பாடுகள் என அவர் வகுத்தமை பின்னர் எமக்கு உதவும்.

நினைவுக்கும் இது பொருந்தும். வளர்ந்தோர் பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதுக்கு முற்பட்ட நிகழ்ச்சிகளை நினைவுகூர்வதில்லை. அவ்வயதுக்கு முன்னர் குழந்தைக்கு நினைவே இல்லையென்பது இதன் பொருளன்று. சில மாதம் காணாதவரையும் அது அடையாளம் கண்டுகொள்ளும். நிலைத்து நிற்கும் நினைவு பேச்சினாலேயே கட்டப்படுகிறது. நடந்ததைப் பெற்றோர் மீண்டும் மீண்டும் விரித்துப் பேசும் வீடுகளிற் பிள்ளைகளின் நினைவும் விரிவாக அமைவதை அண்மைக்கால உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. கதரின் நெல்சன் 1989 இல் தொகுத்த நூல், ஒரு குழந்தை இரண்டு வயதையொட்டித் தொட்டிலில் தனித்துப் பேசியவற்றை ஆராய்கிறது. உறங்குமுன் தந்தை கூறியவற்றைத் தானே பேசிப் பேசித் தனதாக்கிக்கொள்ளும் முயற்சியை அப்பேச்சிற் காணலாம். ஆகவே குழந்தை யாரை நினைவில் வைத்திருக்கும் என்ற வினா, வீட்டார் யாரைப் பற்றிப் பேசுகின்றனர் என்ற வினாவாக மாறுகிறது.

3

இந்நோக்கோடு தமிழின் இரு வடிவங்களை அணுகலாம். ஒன்று பிள்ளைத்தமிழ், மற்றது தாலாட்டு.

பெரியாழ்வார் யசோதையின் குரலேற்றுப் பாடியவற்றில் வேர்கொண்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கசோழன் பிள்ளைத்தமிழிலே தனி நூலாக உருப்பெற்று, பதினேழாம் நூற்றாண்டிற் குமரகுருபரரிடம் முதிர்ந்தது பிள்ளைத்தமிழ். அதன் பத்துப் பருவங்களையும் மூன்றாந் திங்கள் முதல் இருபத்தோராந் திங்கள் வரை பாட்டியலார் பகுப்பதுண்டு. பேச்சு அரும்பி மலரும் காலமும் ஏறத்தாழ இதுவே. செங்கீரைப் பருவத்தை மழலை பேசத் தொடங்கும் பருவமாகச் சிலர் விளக்கியுமுள்ளனர். ஆயினும் இந்நூல்களிற் பேசுவோர் தாய், செவிலி, சிற்றிலிழைக்கும் சிறுமியர் முதலியோரே. குழந்தை எப்போதும் முன்னிலையில் நிற்கிறது. தன்மைக்கு அது வருவதில்லை. தெய்வமும் அரசனும் குழந்தையாக்கப்பட்ட வடிவத்தில் இது வியப்புக்குரியதன்று. ஆளப்படுவோரின் அன்பு ஆள்வோனை நோக்கி ஒருவழியாகப் பாய்வதற்கு அமைக்கப்பட்ட இலக்கியக் கால்வாய் அது. கால்வாயின் மறுமுனையிலிருந்து மறுமொழி எதிர்பார்க்கப்படவில்லை.

தாலாட்டு வேறுபட்டது. தமிழகத்திலும் ஈழத்திலும் வழங்கும் தாலாட்டுகளிற் பரவலாகக் காணப்படும் ஓர் அமைப்பு நாம் நன்கறிந்தது. அழுத பிள்ளையை யார் அடித்தார் எனத் தாய் வினவுகிறாள். மாமன், அத்தை, பாட்டி என ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூவையோ பூச்செண்டையோ கொடுக்கிறாள். மாமன் கொண்டுவரும் பொன்னும் வெள்ளியும் பட்டும் அடுத்து வருகின்றன. இதனைக் கற்பனை நயமாக மட்டும் காண்போர் இதன் தொழிற்பாட்டைக் காணத் தவறுவர். இது உறவினரின் பெயர்ப்பட்டியல். ஓர் உறவுப்பெயரும் ஒரு பொருளும் இணைந்து திரும்பத் திரும்ப ஒலிப்பதாற் குழந்தையின் செவியிற் சுற்றம் வரிசைப்படுத்தப்படுகிறது. மாமன் தர வேண்டியது யாது என்பதும் அதே மூச்சிற் கற்பிக்கப்படுகிறது.

ஏங்கெல்ஸ் 1884 இல் எழுதிய குடும்பம், தனிச்சொத்து, அரசு பற்றிய நூலில் இவ்விடத்துக்கு ஒளிதரும் செய்தி உண்டு. மோர்கனின் ஆய்வைப் பின்பற்றி, தென்னிந்தியத் தமிழரின் உறவுப்பெயர்களும் நியூயோர்க்கில் வாழ்ந்த செனெக்கா இரோகுவோயரின் உறவுப்பெயர்களும் இருநூறுக்கு மேற்பட்ட உறவுநிலைகளில் ஒத்திருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். தந்தை, பிள்ளை, சகோதரன் என்பவை வெறும் மரியாதைப் பட்டங்கள் அல்ல, திட்டவட்டமான பரஸ்பரக் கடமைகளைத் தாங்கியவை என்பது அவர் கொண்ட முடிவு. குடும்பம் முன்னேறிச் செல்ல உறவுப்பெயர் முறை பின்தங்கி நிற்கும். வாழ்வு மாறிய பின்னரும் பழைய பெயர் நீடிக்கும் என்பதும் அங்கு விளக்கப்படுகிறது. தாலாட்டின் மாமன், சீர் செய்யக் கடமைப்பட்ட மாமன். நிலவுடைமைச் சமூகத்தில் தாய்வழி உறவின் பொருளாதாரப் பிணைப்பு அப்பாட்டின் அடித்தளம். நா. வானமாமலை 1964 இல் வெளியிட்ட தமிழர் நாட்டுப்பாடல்கள் தொகுப்பு முதலாகத் தமிழ் நாட்டார் வழக்காற்றை வரலாற்றுப் பொருள்முதல்வாத நோக்கில் அணுகும் மரபு வளர்ந்துள்ளது. குழந்தையின் நினைவு உருவாகும் கருவியாகத் தாலாட்டை நோக்குதல் அம்மரபின் அடுத்த படியாக அமையலாம்.

4

இனிப் பம்பலப்பிட்டிக்கு வருவோம். தொடர்மாடியொன்றின் படிக்கட்டில் மூன்று வாசல்கள் எதிரெதிரே உள்ளன எனக் கொள்வோம். தமிழ்க் குழந்தைக்குத் 'தாத்தா' தாயின் அல்லது தந்தையின் தந்தை. அடுத்த வாசலில் வாழும் முஸ்லிம் குழந்தைக்குத் 'தாத்தா' மூத்த சகோதரி. எதிர் வாசலின் சிங்களக் குழந்தைக்கு அதே ஒலி தகப்பனைக் குறிக்கும். ஆனால் மூன்று வீட்டுக்கும் அம்மாவும் அக்காவும் மாமாவும் ஏறத்தாழப் பொதுவானவை. முஸ்லிம் வீட்டில் உம்மா என்ற வேறுபாடு உண்டு. படிக்கட்டில் விளையாடும் இரண்டு வயதுக் குழந்தை இதனாற் குழம்புவதில்லை. எந்தக் கதவைத் தட்டும்போது எந்தத் தாத்தா வருவார் என்பது அதற்குத் தெரியும்.

இவ்வொற்றுமை தற்செயலானதன்று. சிங்களவர், தமிழர் ஆகியோரின் உறவுமுறை அமைப்புகள் அடிப்படையில் நெருங்கியவை என்பதை மானிடவியலாளர் நூர் யல்மன் 1967 இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டினார். தாய்மாமனையும் சிற்றப்பனையும் வேறு வேறாகப் பெயரிடும் முறை இரு மொழிகளுக்கும் பொது. ஆரியர், திராவிடர் எனப் பாடநூல்களும் மேடைகளும் பிரித்துவைத்த இரு மக்களின் குழந்தைகள், முதற் சொற்களிலேயே அப்பிரிவினையைப் பொய்ப்பிக்கின்றனர்.

ஆனால் மொழியின் பொதுமை மட்டும் எவரையும் காப்பாற்றுவதில்லை. 1983 யூலை 25 இல் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, ஒரு சொல்லின் உச்சரிப்பே ஆளை இனங்காணும் கருவியாயிற்று. அயல் வீடுகளில் ஒளிந்திருந்த குடும்பங்களின் அச்சங்களில் ஒன்று, கைக்குழந்தை 'அப்பா' என்று கூவிவிடுமோ என்பது. அக்காவும் அம்மாவும் எவரையும் காட்டிக்கொடா. அப்பா காட்டிக்கொடுத்துவிடும். பேசக் கற்பிக்கும் வீடு ஒரே நாளிற் பேசாதிருக்கக் கற்பிக்கும் வீடாக மாறிற்று. பொது இடத்திற் பிள்ளைகளின் வாயை அடக்கும் வழக்கம் போர்க்காலம் முழுவதும் கொழும்புத் தமிழரிடையே நீடித்தது. குறியீடு சமூக மோதல்களின் களம் என 1929 இல் வொலொஷினோவ் எழுதியதை நாம் நூல்களிற் படித்தறிந்தோம். பம்பலப்பிட்டித் தாய்மார் அதனைப் பிள்ளையின் உதட்டிற் கை வைத்து அறிந்தனர்.

அதன் விளைவான புலப்பெயர்வு உறவுப்பெயரை மேலும் மாற்றிற்று. இன்று அங்குள்ள தமிழ்க் குழந்தைக்குச் சுற்றத்தின் பெரும்பகுதி கைத்தொலைபேசித் திரையிலேயே உள்ளது. கனடா மாமா, லண்டன் சித்தி, சிட்னி அப்பம்மா என நாட்டுப்பெயரோ நகரப்பெயரோ உறவுப்பெயருக்கு அடைமொழியாகியுள்ளது. மாலையில் அழைப்பு வருகிறது. 'இது ஆர்? சொல்லுங்கோ பாப்பம்' எனத் தாய் வினவுகிறாள். குழந்தை தயங்குகிறது; தாய் முதலெழுத்தை எடுத்துக்கொடுக்கிறாள்; குழந்தை பெயரைச் சொல்ல இரு கண்டங்களில் மகிழ்ச்சி பரவுகிறது. பின்னர் மாமா அனுப்பிய சப்பாத்து, சித்தி கொண்டுவந்த பொம்மை ஆகியன நினைவூட்டப்படுகின்றன.

இது தாலாட்டின் அதே அமைப்பு. உறவுப்பெயர், பொருள், மீள்கூற்று ஆகிய மூன்றும் அப்படியே உள்ளன. பாட்டு மறைந்தபோதும் அதன் தொழில் மறையவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் பணம் பழைய சீரின் இடத்தை எடுத்துள்ளது. பிள்ளைகள் புலம்பெயர்ந்த பின் தனித்துவிடப்பட்ட முதியோரைப் பற்றிக் குழந்தை ம. சண்முகலிங்கம் 1990களில் எழுதிய நாடகத்துக்கு 'எந்தையும் தாயும்' எனத் தலைப்பிட்டமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. பெற்றோர் ஓரிடத்திலும் பிள்ளைகள் வேறிடத்திலும் சிதறிய காலத்தில், 'என்' என்பதைத் தன்னுள் கொண்ட பழைய சொல் புதிய வலியைத் தாங்குகிறது.

மறுபுறம், அயலவரும் பெற்றோரின் நண்பரும் அங்கிள், அன்ரி ஆகிவிட்டனர். இதனை ஆங்கில மோகம் என்று தூய்மைவாதிகள் கண்டிப்பர். அக்கண்டனம் மேலோட்டமானது. மாமனையும் சிற்றப்பனையும் வேறுபடுத்திய முறைக்குப் பின்னால் மணவுறவும் சொத்துரிமையும் இருந்தன. சம்பளத்தில் வாழும் மாடிவீட்டுக் குடும்பத்துக்கு அயலவரோடு அத்தகைய கடமைகள் இல்லை. கடமையற்ற உறவுக்குக் கடமையற்ற பெயர் வந்து சேர்ந்துள்ளது. பெயரை மட்டும் திருத்துவதால் உறவு மீளாது.

5

இதுவரை கூறிய எந்தப் பட்டியலிலும் இடம்பெறாத ஒருவர் அவ்வீட்டில் உள்ளார், அல்லது அண்மைக்காலம் வரை இருந்தார். தாயும் தந்தையும் வேலைக்குச் சென்ற பகற்பொழுது முழுவதும் குழந்தையைத் தூக்கி வைத்திருந்து, சோறூட்டி, காகத்தையும் புகையிரதத்தையும் காட்டிப் பெயர் சொல்லிக்கொடுத்தவர் அவர். மத்தியதர வர்க்கக் கொழும்பு வீடுகளில் இப்பணிக்கு மலையகத் தோட்டங்களிலிருந்து பெண்களும் சிறுமியரும் அமர்த்தப்பட்டமை நீண்டகால வரலாறு. 1948 இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட ஒரு சமூகத்தின் வறுமையே அவ்வரலாற்றின் ஊற்றுக்கண். அச்சிறுமியரிற் பலர் தாம் குழந்தையாயிருந்தபோது, கொழுந்தெடுக்கச் சென்ற தாயைப் பிரிந்து பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவர்கள். தம் தாயின் பகற்பொழுதை இழந்தவர்களே பிறர் குழந்தையின் பகற்பொழுதை நிரப்புகின்றனர்.

குழந்தை அவரை 'அக்கா' என அழைக்கிறது. வகைப்பாட்டு உறவுமுறையின் நோக்கில் அது சரியான பெயர். தன்னைச் சுமக்கும் மூத்த பெண் அக்காவே. ஆனால் வீட்டார் தமக்குள் 'வேலைக்காரப் பெட்டை' என்று குறிப்பிடுவதையும், அடுக்களையை நோக்கிக் குரலுயர்த்திக் கட்டளையிடுவதையும் அக்குழந்தை கேட்கிறது. இரண்டரை வயதில் அதுவும் அதே தொனியில் 'அக்கா, தண்ணி!' என்கிறது. ஹலிடே வகுத்த உறவாடற் பயன்பாடு ஏவற் பயன்பாடாகத் திரிகிறது. சொல் மாறவில்லை, சொல்லின் வர்க்க உள்ளடக்கம் மாறிவிட்டது. வர்க்கத்தைப் பிள்ளை பாடசாலையிற் கற்பதாக நினைக்கிறோம். அதன் முதற்பாடம் அரிச்சுவடிக்கு முந்தியது.

பின்னர் ஒருநாள் அப்பெண் போய்விடுகிறார், இன்னொருவர் வருகிறார். போனவரைப் பற்றி வீட்டில் எவரும் பேசுவதில்லை. 'இது ஆர்?' என்று காட்டப்படும் படங்களில் அவர் இல்லை. அல்லது குழந்தையைத் தாங்கும் ஒரு கையாக மட்டும் இருக்கிறார். பேச்சினால் வலுவூட்டப்படாத நினைவு மூன்று வயதின் எல்லையைக் கடப்பதில்லை என்பதை முன்னர் கண்டோம். ஆகவே அவர் மறக்கப்படுகிறார். பத்தாயிரம் கல் தொலைவில் உள்ள மாமா நினைவில் நிற்க, இடுப்பிற் சுமந்தவர் நினைவிலிருந்து நீங்குகிறார். மறதியை இயற்கையின் பலவீனம் என்போர், அது யாரை மறக்கிறது என்பதையும் விளக்க வேண்டும்.

எனினும் ஒரு தடயம் எஞ்சுகிறது. யாழ்ப்பாணக் குடும்பத்துக் குழந்தை 'இஞ்சை' என்னாது 'இங்கிட்டு' என்கிறது. 'வாங்கோ' என்னாது 'வாங்க' என்கிறது. திரையில் அப்பம்மா சிரிக்கிறார்; தாய் நாணத்தோடு திருத்துகிறாள். திருத்தப்படுவது உச்சரிப்பு மட்டுமன்று. நினைவு கைவிட்ட ஒருவரை நாக்கு வைத்திருந்தது. இப்பொழுது நாக்கிலிருந்தும் அவர் நீக்கப்படுகிறார்.

பழந்தமிழ் மரபு இவ்விடத்தில் இன்றைய நடுத்தர வர்க்கத்தினும் நேர்மையானது. தொல்காப்பியக் களவியல், தாய் எனப்படுவோள் செவிலியே என வரையறுக்கிறது. அகத்திணை மாந்தர் எவர்க்கும் பெயர் இல்லை. ஆயினும் செவிலிக்குக் கூற்று உண்டு. நற்றிணையின் 110 ஆம் பாடலிற் பால் உண்ண மறுத்து ஓடும் சிறுமியின் பின்னே நரைத்த கூந்தலையுடைய செவிலியர் ஓடிக் களைத்து நின்றுவிடுகின்றனர். உழைக்கும் உடலின் தளர்ச்சி அங்கு பதிவாகியுள்ளது. அச்சமூகமும் வர்க்கச் சமூகமே. செவிலியின் உழைப்பு அங்கும் செல்வர் மனைக்குரியதே. ஆனால் அவ்வுழைப்பு இலக்கியத்திலிருந்து மறைக்கப்படவில்லை. நமது நவீன தன்வரலாறுகளிலும் குழந்தைப்பருவ நினைவுகளிலும் அம்மம்மாவின் கதைகள் நிறைந்திருக்கின்றன. செவிலியைத் தேடினால் ஓரிரு வரிகளுக்கு மேல் கிடைப்பது அரிது.

இது இலக்கியக் குறைபாடாக மட்டும் முடிவதில்லை. 2021 யூலையில், டயகமவிலிருந்து கொழும்பில் ஓர் அரசியல்வாதியின் வீட்டுக்கு வேலைக்கு வந்த 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டு உயிரிழந்தபோது நாடு சில வாரங்கள் கொந்தளித்தது. வீட்டுக்குள் இருக்கும்போது பெயரற்றவராய் இருப்போருக்கு இறப்பின் பின்னரே பெயர் கிடைக்கிறது.

6

இவ்வாதத்துக்கு மறுப்புகள் எழலாம். அத்தகைய வீடுகளிலும் அன்பு இல்லையா, வேலைக்கு வந்தவரைப் பிள்ளைபோற் பேணியோர் இல்லையா எனக் கேட்கலாம். இருந்தனர், இருக்கின்றனர். தனிமனிதரின் இரக்கம் இங்கு ஆராய்ச்சிப் பொருளன்று. இனி, 1983 இல் எரிக்கப்பட்ட வீட்டாரையே ஒடுக்குவோராகக் காட்டுவது தகுமா எனவும் வினவலாம். இதுவே உண்மையில் நாம் எதிர்கொள்ளவேண்டிய முரண்பாடு. இன அடிப்படையில் ஒடுக்கப்பட்ட குடும்பம் வர்க்க அடிப்படையில் மற்றொரு தமிழ்ப் பிள்ளையை ஒடுக்க முடியும். தன் குழந்தை 'அப்பா' எனக் கூவ அஞ்சிய கொடுமையை அறிந்த வீடே, இன்னொரு குழந்தையின் 'இங்கிட்டு' என்ற சொல்லைத் தாழ்வாகக் கருதுகிறது. முதலாவதை மட்டும் பேசித் தமிழின ஒருமையை முழங்குவோர், இரண்டாவதற்கு விடைகூறக் கடமைப்பட்டவர்கள்.

ஆய்வாளர் செய்யத்தக்கவை சில உண்டு. தாலாட்டுத் தொகுப்புகளிற் பாடியவர் யார், எவருடைய பிள்ளைக்குப் பாடினார் என்பன பதிவுபெறல் வேண்டும். தன் பிள்ளைக்குப் பாடியதும் கூலிக்கு வளர்த்த பிள்ளைக்குப் பாடியதும் ஒன்றல்ல. தோட்டங்களின் பிள்ளைக்காம்பராக்களில் ஆயாக்கள் பாடிய பாடல்கள் தனியே தொகுக்கப்படல் வேண்டும். கொழும்பிற் பிறந்து வளர்ந்த தமிழ்க் குழந்தைகளின் பேச்சை ஆராய்வோர், யாழ்ப்பாண வழக்கிலிருந்து அது பிறழும் இடங்களைப் பிழையென ஒதுக்காது, அப்பிறழ்ச்சி எவருடைய வாயிலிருந்து வந்தது என வினவுதல் வேண்டும். பேச்சு வரலாற்று ஆவணம். இரண்டு வயதுக் குழந்தையின் பேச்சும் அவ்வாறே. வீடு மறக்க விரும்பிய பெயர்களை அதிலிருந்து மீட்டெடுப்பது முற்போக்குத் திறனாய்வின் பணிகளுள் ஒன்று.